கொத்தவரைப் பிசினும் பால் ஸ்டோர் ஆசிட்டும்

மலாக்கா மாநிலத்தில் எண்ணெய்க் கிணறு ஒன்றுகூடக் கிடையாது. சுங்கை ஊடாங்கில் 1994இல் ஓடத் தொடங்கிய பெட்ரோனாஸ் சுத்திகரிப்பு ஆலை உண்டு. கச்சா எண்ணெய் அங்கே கப்பலில் வந்து இறங்கும். அந்த ஆலையைக் கட்டிய காலத்தில் ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பையன்கள் லாரி ஏறிக் குத்தகை வேலைக்குப் போனார்கள். சாரம் கட்டினார்கள், குழாய்க்குச் சாயம் அடித்தார்கள். அதனால் எங்கள் பக்கம் எண்ணெய்க் கம்பெனி வேலை என்றாலே சுங்கை ஊடாங்தான். தொண்ணூறுகளின் நடுவில், கெமிஸ்ட்ரி படித்து முடித்துவிட்டு, நான் திரங்கானுவுக்குப் போகிறேன், கடலுக்குள் வேலை என்று சொன்னபோது லயத்தில் பாதிப் பேர் மீன்பிடிக் கப்பலில் சேர்ந்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டார்கள். அம்மாவும் சில மாதம் அப்படித்தான் நினைத்திருந்தார். வரும்போது கொஞ்சம் நெத்திலிக் கருவாடு வாங்கி வரச் சொன்னார். வாங்கியும் போனேன், கெமாமானில் நல்ல கருவாடு கிடைக்கும்.

நான் சேர்ந்தது கிணறு தோண்டும் கம்பெனி அல்ல. கிணறுகளுக்குத் தேவையான திரவங்களைக் கலந்து கொடுக்கும் ஒரு சேவை நிறுவனம். அதிலும் எனக்கு வாய்த்தது பழுதுபார்க்கும் பிரிவு. புதுக் கிணறு தோண்டும்போது மேலதிகாரிகள் ஹெலிகாப்டரில் வருவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். இருபது வருடம் எண்ணெய் கொடுத்து ஓய்ந்த கிணற்றில் பம்ப் மாற்றவோ, அரித்துப்போன குழாயைக் கழற்றவோ போனால் யாரும் வரமாட்டார்கள். இந்த வேலைக்கு ‘வொர்க்கோவர்’ என்று பெயர். தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் தாப்பிஸ் போன்ற வயல்கள் 1978லேயே உற்பத்திக்கு வந்துவிட்டவை. நான் போகும்போது அங்கே பழைய கிணறுகளுக்குப் பஞ்சமில்லை.

வேலை என்னவென்று கொஞ்சம் விளக்க வேண்டும். பூமிக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும் அழுத்தத்தோடு காத்திருக்கின்றன. மேலே மூடியைக் கழற்றினால் பீறிட்டு வரும். ஆகவே கழற்றுவதற்கு முன் கிணற்றைக் ‘கொல்ல’ வேண்டும். அப்படித்தான் சொல்வோம். கொல்வது என்றால் உப்புநீரை நிரப்பி, அந்த நீர்த்தூணின் எடையால் கீழே இருப்பதை அமுக்கி வைப்பது. நல்ல தண்ணீரே 6,000 அடி ஆழத்துக்கு நின்றால் அடியில் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 2,600 பவுண்டு அழுத்தம் கொடுக்கும். உப்பு சேர்க்கச் சேர்க்க எடை கூடும். இந்த எடை குறைந்தால் என்ன ஆகும் என்பதை 2010 ஏப்ரல் 20 இரவு மெக்சிகோ வளைகுடாவில் உலகமே பார்த்தது. அங்கே கனமான சேற்றை எடுத்துவிட்டு இலேசான கடல்நீரை உள்ளே விட்டபோது கிணறு பொங்கியது; பதினொரு பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்கு வேறு பல காரணங்களும் இருந்தன. ஆனாலும் அதற்குப் பிறகு எங்கள் தளங்களில் திரவத்தின் எடையைப் பற்றி யாரும் வேடிக்கையாகப் பேசியதில்லை.

பழைய கிணற்றில் சிக்கல் வேறு விதமானது. இத்தனை வருடம் எண்ணெயை உறிஞ்சி எடுத்ததில் பாறையின் அழுத்தம் தளர்ந்திருக்கும். கீழே 2,000 பவுண்டுதான் இருக்கிறது, மேலிருந்து நம் நீர்த்தூண் 2,600 கொடுக்கிறது என்றால், மிச்சமுள்ள 600 பவுண்டு தண்ணீரைப் பாறைக்குள்ளேயே தள்ளும். நாம் ஊற்ற ஊற்றக் கிணறு குடித்துக்கொண்டே இருக்கும். செலவு பெரிதல்ல; உப்பு மலிவு. ஆனால் குடித்த நீர் பாறையிலுள்ள களிமண்ணை உப்ப வைக்கும், நுண்துளைகளில் தேங்கி எண்ணெயின் வழியை மறிக்கும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. குடிக்கிற வேகத்துக்கு ஈடாக நம்மால் ஊற்ற முடியாமல் போனால் நீர்மட்டம் இறங்கும். மட்டம் இறங்கினால் எடை குறையும். எடை குறைந்தால் வேறொரு அடுக்கிலிருந்து வாயு ஏறி வரும்.

இந்த இடத்தில்தான் ஜெல் வருகிறது. எண்ணெய் உள்ளே வருவதற்காகக் குழாயில் போட்டிருக்கும் ஓட்டைகளின் எதிரே, தற்காலிகமாக, கொழகொழப்பான ஒரு திரவத்தை நிறுத்திவிடுவது. அதை ‘பில்’ என்போம், மாத்திரைக்குச் சொல்லும் அதே பெயர். அது பாறையின் வாயில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். மேலே நிற்கும் உப்புநீர் இறங்காது. ஆட்கள் பாதுகாப்பாகக் குழாயைக் கழற்றி மாட்டுவார்கள். எல்லாம் முடிந்ததும் ஜெல் தன் உருவை இழந்து தண்ணீராகி, கிணற்றோடு வெளியே வந்துவிட வேண்டும். நான் இத்தனை வருடம் சம்பளம் வாங்கியது, பெரும்பாலும், இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான்.

ஒரு மழைக்கால இரவு நன்றாக நினைவிருக்கிறது. கிழக்குக் கரையில் நவம்பர் முதலே வடகிழக்குப் பருவக்காற்று பிடித்துக்கொள்ளும். படகுகள் சரக்கை இறக்கத் தயங்கும். தளத்தில் ஒரு கிணற்றைக் கொன்றுவிட்டு மூடியைக் கழற்ற ஆயத்தமாகியிருந்தோம். தொட்டியின் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. முதலில் மெதுவாகத்தான். பிறகு யாரும் பேசாமல் எல்லாரும் அந்த அளவுகோலையே பார்க்கத் தொடங்கிவிட்டோம். கம்பெனியின் பொறுப்பாளர் மூடியில் கைவைக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்து, “உன்னிடம் எத்தனை மூட்டை இருக்கிறது?” என்றார்.

இருந்தது எச்இசி. மரக்கூழிலிருந்தோ பஞ்சுத் துகளிலிருந்தோ எடுக்கும் செல்லுலோஸை மாற்றிச் செய்த வெள்ளைப் பொடி. ஒரு பீப்பாய் நீருக்கு நான்கு பவுண்டு அளவில் கலந்தால் போதும். 159 லிட்டர் உப்புநீர் தேன்பதத்துக்கு வந்துவிடும். ஆனால் கலப்பதில்தான் வித்தை. அவசரத்தில் கொட்டினால் பொடியின் வெளிப்புறம் மட்டும் நனைந்து உப்பி, உள்ளே காய்ந்த பொடியைச் சிறைவைத்துக்கொள்ளும். இப்படி உண்டாகும் கட்டிகளுக்கு மீன்கண் என்று பெயர். பார்க்க அப்படியேதான் இருக்கும். மீன்கண்கள் கிணற்றுக்குள் போனால் பாறையின் துளைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு எந்த மருந்துக்கும் அசையாது. அதனால் முதலில் நீரைக் கொஞ்சம் அமிலமாக்கிக்கொள்ள வேண்டும். அப்போது பொடி கரையாமல் பரவி மிதக்கும். எல்லாம் பரவிய பிறகு காரம் சேர்த்தால் சில நிமிடங்களில் தொட்டி முழுவதும் ஒரே சீராக இறுகும்.

பொடியைப் போடும் ஹாப்பருக்குப் பக்கத்தில் டுங்கூன்காரர் ஒருவர் நின்றார். நாங்கள் பாக் சிக் என்று கூப்பிடுவோம். ஓய்வு பெறும் வயது. தளத்தில் எல்லாரும் கத்திக்கொண்டிருக்க, அவர் மட்டும் மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டு “பெலான் பெலான்” என்று தனக்குத்தானே சொன்னபடி தூவினார். மழை பொடிமேல் படாதிருக்க ஒருவன் தார்ப்பாலினைத் தலைக்குமேல் பிடித்திருந்தான். பொறுப்பாளர் இரண்டு முறை வந்து, “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்டுப் போனார். பாக் சிக் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவர் வேகப்பட்டிருந்தால் அந்த இரவு சீக்கிரம் முடிந்திருக்கும், கிணறும் முடிந்திருக்கும் என்று நான் இப்போதும் நினைக்கிறேன்.

கலந்ததை வடிகட்டி, புனலில் ஊற்றி நேரம் பார்த்தோம். மார்ஷ் புனல் என்பது பழைய கருவி. ஒரு குவார்ட்டர் காலன் நல்ல தண்ணீர் 26 விநாடியில் அதில் இறங்கிவிடும். எங்கள் ஜெல் இறங்குவதாகவே தெரியவில்லை. பிறகு கணக்கு. மூன்றரை அங்குலக் குழாயில் ஆயிரம் அடிக்கு 8.7 பீப்பாய் கொள்ளும். எத்தனை பீப்பாய் தள்ளினால் ஜெல் ஓட்டைகளின் எதிரே போய் நிற்கும் என்று தாளில் போட்டுப் பார்த்து, பம்ப் அடிகளை எண்ணித் தள்ளினோம். ஒரு பீப்பாய் கூடினால் அத்தனையும் பாறைக்குள் போய்விடும். குறைந்தால் குழாயிலேயே நின்றுவிடும். தள்ளி முடித்த பிறகு தொட்டியின் மட்டம் நின்றது. யாரோ நாசி டாகாங் பொட்டலங்களைப் பிரித்தார்கள். ஆறிப்போயிருந்தாலும் ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பா தோட்டத்தில் பால் வெட்டியவர் அல்ல; பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். அந்த வேலைக்குத் தோட்டத்தில் தனி மரியாதை உண்டு. வெளிக்காட்டிலிருந்து வரும் பாலை மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு அளந்து, அரைகுறையாகத் தண்ணீர் கலந்து வருவதைக் கண்டுபிடித்து, தொட்டியில் ஊற்றி, ரப்பர் பதினைந்து விழுக்காடு அளவுக்கு வரும்வரை நீர் விட்டு, ஃபார்மிக் ஆசிட்டைக் கரைத்து ஊற்றி, அலுமினியத் தகடுகளைச் செருகிவிட்டால் மறுநாள் விடியும்போது வெள்ளைப் பாளங்களாக உறைந்திருக்கும். உருளையில் விட்டு அழுத்தி, புகைக்கூட்டில் தொங்கவிடுவார்கள். ஆசிட் கூடினால் ரப்பர் பாளம் விறைத்துப் போகும், குறைந்தால் குழையும். வருடக்கணக்கில் அந்த நெடியை மூக்கில் ஏற்றிக்கொண்டதால் அப்பாவுக்குச் சாப்பாட்டின் வாசனை சரியாகத் தெரியாது. அம்மாவுக்கு அதில் நிரந்தர வருத்தம்.

“அப்ப நீ கலக்குற ஜெல்லு உள்ள போயி நின்னுக்கும்.”

“நின்னுக்கும்பா.”

“வேலை முடிஞ்சதும்?”

“ஆசிட் விட்டு உடைச்சுடுவோம்.”

அப்பா சிரித்துவிட்டார். “ஆசிட் விட்டா கட்டும்டா தம்பி. முப்பது வருஷம் அதத்தான செஞ்சேன். எந்த ஊர்ல ஆசிட் விட்டா உடையும்?”

இரண்டும் சரிதான் என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது. ரப்பர் பாலில் நுண்ணிய துகள்கள் எல்லாம் ஒரே மின்னேற்றத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. ஆசிட் அந்த மின்னேற்றத்தைச் செயலற்றதாக்கும். தள்ளுவதற்கு ஒன்றுமில்லாதபோது துகள்கள் ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஜெல்லில் துகள்களே இல்லை. நீண்ட சங்கிலிகள் நீரில் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால்தான் அது கெட்டியாக நிற்கிறது. ஆசிட் அந்தச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். வெட்டிய பிறகு பின்னுவதற்கு நீளம் இல்லை, தண்ணீராகிவிடும். போரேட் உப்புச் சேர்த்துக் கட்டும் இன்னொரு வகை ஜெல் உண்டு. அது பாத்திரத்திலிருந்து சாய்த்தால் அறுந்து விழாமல் நாக்குப்போல் தொங்கும். அதில் சங்கிலிகளுக்கிடையே போரேட் பாலம் போட்டிருக்கும். காரத்தில்தான் பாலம் நிற்கும், அமிலம் பட்டால் கழன்றுவிடும். மறுபடி காரம் சேர்த்தால் மறுபடி கட்டும்.

அப்பா வெற்றிலையை மென்றபடி எல்லாவற்றையும் கேட்டார். ரசாயனத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “உடையலன்னா?” என்றார்.

எங்கள் தொழிலில் அதைவிட நல்ல கேள்வி கிடையாது. பெரிய அதிகாரிகள் எல்லாரும் ஜெல் எவ்வளவு நேரம் தாங்கும் என்றுதான் கேட்பார்கள். உடையாவிட்டால் என்ன என்று கேட்பவர் குறைவு. பாறைக்குப் பூசிய மருந்தே பாறைக்கு நோயாகிவிடும். பழுதுபார்க்கும் முன் நாளுக்கு முந்நூறு பீப்பாய் கொடுத்த கிணறு பழுதுபார்த்த பின் நூற்றைம்பதோடு நின்றுவிடும். குழாயும் பம்பும் புதிதாக இருக்கும், எண்ணெய் வராது. யாரைக் குறை சொல்வது என்று கூட்டம் போடுவார்கள்.

அப்படி ஒரு கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எந்த வயல், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். ஜெல்லோடு உடைப்பானையும் சேர்த்தே அனுப்பியிருந்தோம். கிணற்றின் சூட்டில் அது தானாக வேலைசெய்து குறித்த நேரத்தில் ஜெல்லைக் கரைத்துவிட வேண்டும். மலாய்ப் படுகையில் நிலத்தடி வெப்பம் அதிகம், அதனால் உடையாமல் போவதைவிடச் சீக்கிரமே உடைந்துவிடும் என்பதுதான் எல்லாருக்கும் பயம். நடந்தது தலைகீழ். ஜெல் போவதற்கு முன் மணிக்கணக்காகக் குளிர்ந்த உப்புநீரை உள்ளே தள்ளியிருந்தார்கள். கிணற்றின் அடி, வரைபடத்தில் போட்டிருந்த சூட்டில் இல்லை. உடைப்பான் தூங்கிவிட்டது. எவ்வளவு சூட்டில் எத்தனை மணி நேரத்தில் உடைகிறது என்று கண்ணாடிக் குப்பியில் வெந்நீர்த் தொட்டிக்குள் வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அதைக் குளிர்ந்த கிணற்றுக்கும் சேர்த்துச் செய்திருக்கலாம். நேரமில்லை என்று மேலிடத்தில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். கடைசியில் காயில் டியூபிங் என்ற மெல்லிய நீளக் குழாயை உள்ளே இறக்கி, ஆசிட்டை நேராக அடிக்கே கொண்டுபோய்க் கழுவினோம். கிணறு திரும்பி வந்தது, பழைய அளவுக்கு இல்லை.

அம்மாவுக்கு இந்தக் கதைகளில் அக்கறை வந்தது கொத்தவரங்காயால். போரேட் சேர்த்துக் கட்டும் ஜெல்லுக்கு மூலப்பொருள் குவார் பிசின். குவார் என்பது நம் கொத்தவரையேதான். நாம் பிஞ்சுக் காயைப் பொரியல் செய்கிறோம், வற்றல் போடுகிறோம். ராஜஸ்தானில் காயை முற்றவிட்டு, விதையை உடைத்து, நடுப்பருப்பைப் பொடியாக்கி உலகத்துக்கு அனுப்புகிறார்கள். உலகத்துக்கு வேண்டிய குவாரில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்துதான் போகிறது. ஜோத்பூர்தான் அதற்குச் சந்தை. ஐஸ்கிரீமிலும் அதுதான், எண்ணெய்க் கிணற்றிலும் அதுதான். இதைக் கேட்டதிலிருந்து ஜாசின் கடைத்தெருவில் வற்றல் பொட்டலம் வாங்கும்போதெல்லாம் அம்மா கடைக்காரரிடம், “எங்க பையன் இத கெணத்துல கொட்டுறான்” என்று சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டார். ஏன் கொட்டுகிறேன் என்று கடைக்காரர் ஒருநாளும் கேட்டதில்லை. பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

2012இல் அமெரிக்காவில் பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் மோகம் உச்சத்தில் இருந்தபோது குவாரின் விலை யாரும் எதிர்பாராத உயரத்துக்கு ஏறியது. அந்த மார்ச்சில் இந்தியாவில் குவாரின் முன்பேர வணிகத்தையே நிறுத்தி வைக்கும்படி ஆயிற்று. எங்கள் கெமாமான் கிடங்கில் மூட்டைகளுக்குப் பூட்டுப் போட்டார்கள். தார் பாலைவனத்தில் மானாவாரியாக விளையும் ஒரு காயை நம்பி டெக்சஸ் பணக்காரர்கள் மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. மறைப்பானேன். ஆனால் பழுதுபார்க்கும் வேலைக்குக் குவாரைவிட எச்இசியைத்தான் நான் விரும்புவேன். குவார் பிசினில் நீரில் கரையாத தூசு எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். உடைந்த பிறகும் அது பாறையில் தங்கிவிடும். எச்இசி உடைந்தால் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது.

எங்கள் தோட்டம் இப்போது இல்லை. முதலில் பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள், பிறகு ஒரு பகுதியை வீட்டுமனைக்கு விற்றார்கள். பால் ஸ்டோர் இருந்த இடம் இப்போது தாமானுக்குள் எங்கேயோ இருக்கிறது. அப்பா ஒருமுறை காரில் போகும்போது இங்கேதான் என்று காட்டினார், அடுத்த முறை வேறு இடத்தைக் காட்டினார். தான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டுத் தொடங்கி வைத்த தொழில், மலாக்காவில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் எங்கள் ஆட்களின் கையில் இருந்தது.

கடலிலும் அதே காலம்தான். தாப்பிஸ் காலத்துக் கிணறுகள் பல வற்றிவிட்டன. சமீப வருடங்களில் எனக்கு வரும் அழைப்புகளில் நிறைய, கிணற்றைப் பழுதுபார்க்க அல்ல, நிரந்தரமாக மூட. குழாய்க்குள் சிமெண்டு அடைப்புப் போட வேண்டும். வெறும் உப்புநீரின் மேல் சிமெண்டை ஊற்றினால் எடை தாங்காமல் வழுக்கிக் கீழே இறங்கிவிடும். அதனால் சிமெண்டுக்கு அடியில் கெட்டியான ஜெல் ஒன்றைப் படுக்கையாகப் போடுவோம். முதல் தடவை அப்படி ஒரு வேலைக்குத் திட்டத்தாள் எழுதியபோது, பொடி, உப்பு, காரம் எல்லாவற்றையும் எழுதி முடித்து, கைப்பழக்கத்தில் உடைப்பானுக்கும் ஒரு வரி போட்டு, எவ்வளவு என்று கிணற்றுப் பொறுப்பாளரிடம் கேட்டேன். கெலந்தான் இளைஞன், என் மகன் வயது. தாளைத் திருப்பி வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, “இதற்கு வேண்டாம், அங்கிள்,” என்றான்.